புகையில் தெரிந்த கை

அன்று அல்கிதாஸ் படுத்தபடியே பாடம் எடுத்தார்.

பீலியோன் மலைக் குகைக்கு மந்திரமும் குறி பார்ப்பதும் கற்க வந்த மூவரும், அதுவரை அவர் படுத்துப் பார்த்ததில்லை. இடுப்புக்கு மேலே மனிதர், கீழே கருங்குதிரை. மனிதர்கள் தன்னை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கர்வம். தூங்குவதுகூட நின்றுகொண்டுதான்.

இன்று இடுப்புவரை கம்பளி போர்த்தியிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"குருவே படுத்துட்டாரு. இனி நமக்குக் கனவுலதான் பாடம்," என்று கோர்கோன் தன் தம்பியின் காதைக் கடித்தான்.

மூன்றாமவளான பிலின்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் தம்பி இருவரையும் அல்கிதாஸ் சுள்ளி பொறுக்க அனுப்பிவிட்டார். அவர்கள் தலை மறைந்ததும் பிலின்னா கம்பளியின் ஓரத்தைத் தூக்கினாள். அவர் தடுக்கவில்லை.

முன்னங்கால் ஒடிந்து எலும்பு வெளியே தெரிந்தது. விலாவெங்கும் குளம்பு பட்ட காயங்கள்.

"யாரு ஐயா?"

"எங்க ஆளுங்கதான். குலத்து வித்தையை மனுஷங்களுக்குக் குடுத்துட்டேனாம்." யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

எலும்பு கூட்டும் மந்திரத்தை அவள் அவசரமாகத் தொடங்கினாள்.

"விடு. விடியுற வரைக்கும் நானே சொல்லிப் பாத்துட்டேன்."

கால் ஒடிந்த குதிரையை என்ன செய்வார்கள் என்று குதிரைகளுக்குப் பேர்போன தெஸ்ஸாலியில் பிறந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வலி தீர அப்படியொரு குதிரையின் கழுத்தில் அப்பா கத்தி வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்று முழுக்க அப்பா யாரிடமும் பேசவில்லை.

கெஞ்சிப் பழகாதவர் அல்கிதாஸ். ஒரு பிடி இலையை அள்ளி நெருப்பில் போட்டார்.

"படி."

புகை எழுந்தது. அவள் வாய் திறக்குமுன் அவரே படிக்கத் தொடங்கினார்.

"உச்சிப் பொழுதுக்குள்ள ஒரு சாவு. ஒரு பொண்ணோட கை. கையில கத்தி. இது விதிச்சது, பிலின்னா. செய்யறவ மேல பழி கிடையாது. தெரியுதா?"

விதி என்பது சோம்பேறிகளின் சொல் என்று அவர் ஏசாத நாளில்லை.

அவள் புகையைப் பார்த்தாள். அடியிலிருந்து நுனிவரை, கண் எரிய எரியப் பார்த்தாள். அவரிடம் படித்தவர்களில் புகை படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

புகையில் ஒன்றுமே இல்லை.

அவர் அவளைப் பார்க்காமல் குகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது ஐயா," என்றாள் பிலின்னா. "என் கைதான்."

கத்தியை எடுத்தாள்.