இடத்தை அடைக்காத பரிசு

வயதான பெற்றோருக்குப் பரிசு தேர்ந்தெடுக்கும் கலையில் என்னை மிஞ்ச இன்னொரு பிள்ளை இனிமேல்தான் பிறந்து வரவேண்டும்.

காரணம் எளிது. என் பரிசு இடத்தை அடைக்காது.

மற்ற பிள்ளைகள் பொருள் வாங்குகிறார்கள். பொருள் அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதைத் துடைக்க அம்மா நாற்காலியில் ஏறுகிறாள். இதற்குப் பெயர் பாசம் என்று அண்ணனும் அக்காவும் மனமார நம்புகிறார்கள். பொருள் வாங்கித் தருகிறவனுக்குக் கற்பனை கிடையாது என்பது என் அசைக்க முடியாத கருத்து.

ஆகவே நாற்பதாவது திருமண நாளுக்கு அப்பாவையும் அம்மாவையும் உடைக்கும் அறைக்குக் கூட்டிப் போனேன்.

முக்கால் மணி நேரம். தலைக்கவசம், கையுறை, ஒரு இரும்புத் தடி. நாம் கொண்டுபோகும் சாமானை நாமே அடித்து நொறுக்கலாம். கூட்டிப் பெருக்குவது அவர்கள் வேலை.

சாமானுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம். அப்பா அண்ணன் வீட்டுக்கு, அம்மா அக்கா வீட்டுக்கு. இரண்டும் வேறு வேறு ஊர். இரண்டு வீட்டிலும் ஒரு ஆளுக்கும் ஒரு பெட்டிக்கும்தான் இடம் இருக்கிறதாம்.

அண்ணன் இதைச் சொன்னபோது அப்பா "சரிப்பா" என்றார். அம்மா அதைக்கூடச் சொல்லவில்லை. விடுதியில் அரைக் கட்டிலுக்குச் சொந்தக்காரனான என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரமாதமாக எதிர்த்திருப்பேன்.

அறையைப் பார்த்துக்கொள்கிறவர் விதியைச் சொன்னார். "ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அடிக்கணும். மத்தவங்க மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கணும்."

முதலில் அப்பா போனார். வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தியவர். கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழில். அக்கா கொடுத்த கண்ணாடிக் கிண்ணத்தின் முன்னால் தடியோடு நின்றார். விரலால் சுண்டிப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அம்மா தடியை வாங்கிக்கொண்டாள்.

கிண்ணம் போனது. அண்ணன் கொடுத்த கடிகாரம், மணிக்கொரு தரம் பறவை கூவுமே அது, பாதிக் கூவலில் போனது.

பரிசாக வந்து அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு தட்டுகளும் போயின. ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்து, மேடைமேல் வைத்து, அடித்தாள்.

துடைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கால் பிடித்துவிடும் இயந்திரம் மூன்று அடி தாங்கியது. நாலாவதில் குடல் சரிந்த மாதிரி ஒயரெல்லாம் வெளியே வந்து விழுந்தது. அம்மா நிறுத்தவில்லை. செத்ததையே அடித்தாள். ஒரு சில்லு பறந்து வந்து என் தலைக்கவசத்தில் 'டக்' என்று மோதியது.

நான் கோட்டுக்கு வெளியே நின்று என் தேர்வை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா மூலையில் போர்வை போட்டு மூடியிருந்ததை இழுத்தாள். அதை அவளேதான் வண்டியில் ஏற்றியிருந்தாள். என்னவென்று நானும் கேட்கவில்லை.

இரண்டு பெட்டிகள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஆளுக்கொன்றாக அண்ணன் போன வாரம் வாங்கி அனுப்பியவை. லாரி ஏறினாலும் உடையாதாம். பத்து வருஷ உத்தரவாதம்.

தடி பெட்டியில் பட்டுத் துள்ளியது. மறுபடி அடித்தாள். பெட்டி குழிந்து, அடுத்த நொடியே பழைய உருவத்துக்கு வந்தது. மறுபடி. மறுபடி. கையுறையின் விளிம்பிலிருந்து ரத்தம் முழங்கை நோக்கி வழிந்தது.

"நடுவுல அடிக்காதம்மா" என்றார் அப்பா கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து. "ஓரத்துல அடி. ஓரந்தான் முதல்ல விடும்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரியவன்கிட்ட சரிப்பான்னு சொன்ன வாயால எனக்கு யோசனை சொல்லாதீங்க. வர்றதா இருந்தா வாங்க."

அப்பா மஞ்சள் கோட்டைத் தாண்டினார்.

அம்மாவின் கைக்கு மேலே தன் கையை வைத்துத் தடியைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஓங்கினார்கள். வாழ்நாள் முழுக்க அதிர்ந்து பேசாத மனுஷன் அப்போது போட்ட சத்தம் கதவைத் தாண்டிப் போயிருக்கும். கீலில் அடித்தார்கள். பூட்டில் அடித்தார்கள். ஒரு சக்கரம் பிய்ந்து சுவரில் போய் அறைந்தது. மூச்சு வாங்கினார்கள். வாங்கிய மூச்சோடு மறுபடி அடித்தார்கள்.

கேமராவில் பார்த்துவிட்டு, அறையைப் பார்த்துக்கொள்கிறவர் வெளியே இருந்து கதவைத் தட்டினார். "ஒருத்தர்தான் சார், ஒருத்தர்தான்."

நான் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டேன். அவர் தள்ளினார். நானும் தள்ளினேன்.

முக்கால் மணி நேரம் முடிந்து மணி அடித்தது.

பெட்டிகள் உடையவில்லை. கீறல் இருந்தது, ஒரு சக்கரம் இல்லை. மற்றபடி இரண்டும் ஒழுங்காகத் திறந்து மூடின. அப்பாவே திறந்து மூடிப் பார்த்தார். அம்மா தடியைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள்.

கைக்குக் கட்டுப்போட அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை. உள்ளே இருக்கிற கேமரா எடுத்த படத்தை அங்கே ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். திரையில் எங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தலைக்கவசம், நாலு கை, ஒரே தடி. இரண்டு பேருக்கும் வாய் திறந்திருந்தது. சிரிக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"எந்த அளவு தம்பி?" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"பெட்டிக்குள்ள போற அளவு" என்றேன். "ரெண்டு குடுங்க."