சாக்லேட் வழக்கு

ஃப்ரிட்ஜில் இருந்த சாக்லேட் டப்பா காலி. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

“ஏங்க, முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னீங்க. இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் மாமியார், தன் கணவரிடம்.

ஓய்வு பெற்ற நீதிபதிக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே ஒரு சாண் உயர்ந்தது போலிருந்தது.

“ஆடி ஆல்டரம் பார்ட்டெம். ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் தீர்ப்பு. முதல்ல நீ சொல்லும்மா.”

“நான் தொடவே இல்ல மாமா. அத்தைதான் தின்னிருப்பாங்க.”

“எனக்குப் பல்லே ஆடுது. நான் எங்க போய்க் கடிக்கிறது?”

இருவரும் தீர்ப்புக்காக நின்றார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

“நீமோ ஜூடெக்ஸ் இன் காஸா சுவா,” என்றார் மெல்ல. “இந்த வழக்கிலேருந்து நான் விலகிக்கிறேன்.”

“அப்படின்னா என்ன அத்தை?”

“தன்னோட வழக்குல தானே தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு அர்த்தம்.” சண்டை போட்ட சுவடே இல்லாமல் மருமகளின் தோளில் தட்டினாள் மனைவி. “நான்தான் சொன்னேனே. நேரா கேட்டா இல்லவே இல்லன்னு சாதிப்பார். ஜட்ஜா உட்கார வெச்சா பொய் வராது.”

முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை மருமகள் முன்னால் கொண்டுவந்தாள்.

“விரலை நீட்டுங்க மாமா.”