பூங்காவில் ஒரு கொலை

"கண்ணை மூடுங்கன்னா மூடணும். அரைக்கண்ணால பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்" என்றாள் அவள், புருஷனைப் பார்த்தே.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் ஒரு மனுஷனை டீவி பார்க்க விடாமல் இப்படி ஒரு விளையாட்டு. அவர் மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதுகிறவள். வாரம் பூராவும் கொலை, களவு, பொய்ச்சாட்சி என்று கேட்டுக் கேட்டு, லீவு நாளிலும் அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு போலிருக்கிறது.

விளையாட்டு என்னவோ சுலபம்தான். புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டையைக் கத்தரித்து, புருஷன், மகள், பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி என்று நாலு பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்திருந்தாள். ஒருத்தர் கொலைகாரர், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். யார் கையில் என்ன என்று மூச்சு விடக் கூடாது. எல்லோரும் கண்ணை மூடியதும் கொலைகாரர் மட்டும் திறந்து ஓர் ஆளைக் கை காட்டவேண்டும். அந்த ஆள் காலி. மிச்சமிருப்பவர்கள் பேசிப் பேசியே கொலைகாரரைக் கண்டுபிடிக்கவேண்டும். நடத்துகிறவள் என்பதால் அவளுக்குச் சீட்டு கிடையாது.

மெக்கானிக்கின் சீட்டில் 'ஊர்க்காரர்' என்று இருந்தது. அப்பாடா என்றிருந்தது. ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற குற்றமே அவருக்குப் போதும்.

விஷயம் இதுதான். அவருக்குச் சுகர். தினமும் சாயங்காலம் பூங்காவில் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கடைக்காரரையே துணைக்குச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள் மனைவி. இருவரும் ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு ஜோராகக் கிளம்புவார்கள். தெருமுனை திரும்பியதும் நேரே பேக்கரிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ரெண்டு ஜாம் பன். திரும்பும்போது குழாயடியில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் வியர்வையும் தயார்.

இவ்வளவு நடந்தும் சுகர் இறங்கவில்லையே என்று அவளுக்கு ஒரே கவலை. "நீங்க நடக்கலைன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது, என் தம்பியைக் கூப்பிட்டு ஒரு மாசம் இங்கேயே தங்க வச்சுடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். தம்பி போலீஸ் பயிற்சிப் பள்ளியில் டிரில் மாஸ்டர். போன தடவை வந்தபோது, "எழுந்திருங்க மாமா" என்று இருட்டோடு போர்வையை உருவி, மொட்டைமாடியில் அவரைத் தவளை மாதிரி குதிக்கவைத்த புண்ணியவான். அதை நினைத்தால் மெக்கானிக்குக்கு இன்னும் முட்டி வலிக்கும்.

"ஊர் முழிச்சாச்சு, கண்ணைத் திறக்கலாம். நம்ம பொண்ணு செத்துட்டா" என்றாள் மனைவி.

"நான் அப்பவே நினைச்சேன்" என்று மகள் செல்போனை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

"சம்பவம் நடந்த இடம் நம்ம பூங்கா. நேரம் சாயங்காலம் ஆறு மணி. இப்பப் பேசுங்க."

மெக்கானிக் ஓரக்கண்ணால் கடைக்காரரைப் பார்த்தார்.

"இதுல பேச என்ன இருக்கு? ஆறு மணிக்குப் பூங்காவுல இருக்கிறது அண்ணன்தானே" என்று ஆரம்பித்தாள் கடைக்காரரின் மனைவி.

"நான் எதுக்கும்மா பெத்த பொண்ணைக் கொல்லணும்?"

"உங்க சார்ஜரைத் தொலைச்சதுக்கு" என்றது பிணம்.

"செத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று அதட்டினாள் தாய். "சொல்லுங்க, ஆறு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பூங்காவுலதான்" என்றார் மெக்கானிக். "ஆனா நான் நடந்தேன். நடக்கிறது மட்டும்தான் செஞ்சேன். இவரும்தானே கூட இருந்தாரு, இவரைக் கேளு."

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தலையிலும் பழி விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"எனக்கு அன்னிக்குக் கால் வலி தங்கச்சி. வாசல் பெஞ்சுலயே உட்கார்ந்துட்டேன். இவர் மட்டும்தான் உள்ள போனாரு. திரும்பி வரும்போது கையெல்லாம் சிவப்பா இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கூட இருந்தே குழி பறிக்கிறது என்றால் இதுதான். செய்யாத கொலைக்குச் சாட்சி வேறு. மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது.

"யோவ், அது ஜாம்யா" என்று எழுந்துவிட்டார். "என் பன்னையும் பிச்சுத் தின்னுட்டு எனக்கெதிராவே சாட்சி சொல்றியா? அந்தப் பூங்கா வாசலை நான் மிதிச்சே மூணு மாசம் ஆச்சு. தினம் ஆறு மணிக்கு நாம ரெண்டு பேரும் பேக்கரியில இருக்கோம், அந்த முதலாளியை வேணா கூப்பிட்டுக் கேளுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. மகள் செல்போனைக் கீழே வைத்தாள். கடைக்காரர், யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி கத்தவில்லை. செல்போனை எடுத்தாள்.

"தம்பி, லீவு கிடைச்சுடுச்சுன்னு சொன்னியே, பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பு. ஆமாம்பா, ஒத்துக்கிட்டாரு. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு."

மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. மானம்தான் போயிற்று, நியாயமாவது கிடைக்கட்டும் என்று கடைக்காரரின் சீட்டைப் பிடுங்கித் திருப்பினார். 'ஊர்க்காரர்.' அவர் மனைவியின் சீட்டு, 'ஊர்க்காரர்.' மகளுடையதும் அதுவே.

"அப்ப யாருதான் கொலைகாரன்?"

"அப்படி ஒரு சீட்டே நான் எழுதலைங்க" என்றாள் அவள். "கொலைக் கேசுல மாட்டிவிட்டாத்தான் பன் திருடன் பன்னை ஒத்துக்குவான்."