முத்திரை உடையாத பெட்டி

பழைய கேமரா சேகரிப்போர் சங்கத்தின் வெள்ளிவிழாவுக்கு நினைவுக் கேமராக்கள் செய்துதர ஒப்புக்கொண்ட பட்டறைக்காரர், முன்பணத்தை மகள் கல்யாணத்தில் கரைத்துவிட்டார். பெட்டிகளுக்குள் செங்கல்லை வைத்து, முத்திரையிட்டு அனுப்பினார். முத்திரை உடைந்தால் மதிப்புப் போய்விடும். எந்தச் சேகரிப்பாளரும் பெட்டியைத் திறக்க மாட்டார் என்ற தைரியம்தான்.

விழா முடிந்த மறுவாரம் சங்கத் தலைவர் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நிர்வாகிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணே. என் பெட்டியைத் திறந்துட்டேன்," என்றார் தலைவர்.

பட்டறைக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நானும் திறந்தேன்," என்றார் செயலாளர்.

"நான் பெட்டி வந்த அன்னைக்கே," என்றார் பொருளாளர்.

"ஐயா, போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க!"

"நல்லா இருக்கே!" என்று சிரித்தார் தலைவர். "போனா எங்க பெட்டியை யாரு வாங்குவா? முத்திரையைத் திரும்ப ஒட்டியாச்சு. வெளிநாட்டுக்காரன்கூட அடிச்சுப் பிடிச்சுக் கேக்கறான்."

பட்டறைக்காரருக்கு உயிர் வந்தது. "என் வாயிலேர்ந்தும் ஒரு வார்த்தை வராதுங்க."

"தெரியும்ணே," என்றார் தலைவர் கனிவாக. "அதோட, மறைந்த கைவினைஞரோட கடைசிப் படைப்புன்னா விலை இன்னும் ஏறும்."

செயலாளர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.