மாதம் தவறாதவர்கள்

"இவுக ஞானபூரணி டீச்சர். இவரு மகேஷ்குமார், இந்த பிரஸ் இவரோடதுதான். நான் சேசுராஜ், செயலாளர். மாசம் தவறாம வாரது நாங்க மூணு பேரும், இன்னைக்கு வராத ஜெபசுந்தரும் பிரீத்தியும்தான். மத்தவங்க வாட்ஸ்அப்ல வணக்கம் போடுறதோட சரி. நீங்க எந்த பேட்ச் அண்ணாச்சி?"

பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் சிவகாசிக் கிளைக் கூட்டம், அச்சகத்து மாடியில் நடந்துகொண்டிருந்தது. வந்த பெரியவர் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தார்.

"நான் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி ராஜபாண்டியன். உங்க சங்கத்து பிரீத்தி என் மகள்."

சேசுராஜ் நீட்டிய வடைத்தட்டு அந்தரத்தில் நின்றது.

பிரீத்தியும் ஜெபசுந்தரும் விரும்பத் தொடங்கியது இந்தக் கூட்டத்தில்தான். விஷயம் வெளியே தெரிந்ததும் பிரீத்தியின் சித்தப்பாமார் ஆள் வைத்து அவனைத் தேடினார்கள். அவன் போனை அணைத்துவிட்டு, சாத்தூரில் ஞானபூரணியின் அக்காள் வீட்டில் ஒளிந்திருந்தான். பிரீத்தியும் ஒரு வாரமாக யார் கண்ணிலும் படவில்லை.

"ஜெபசுந்தர் எங்கன இருக்கான்?" ராஜபாண்டியன் முதலில் மகேஷ்குமாரைப் பார்த்தார். "எங்க கம்பெனி லேபிளெல்லாம் நீங்கதான் அடிக்கீக. இந்த சீசன் ஆர்டர் இன்னும் குடுக்கலை."

மகேஷ்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சாத்தூர்ப் பக்கம்னு காதுல விழுந்துச்சு மொதலாளி. தெரு தெரியாது."

"செயலாளரே, நீங்க?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சாலும் சொல்றதுக்கு இல்ல. வடை எடுத்துக்கோங்க, ஆறிப்போச்சு."

"டீச்சர்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் ஞானபூரணி. "சொல்ல மாட்டேன்."

"உங்க பள்ளிக்கூடத்துத் தாளாளர் எனக்கு வேண்டியவரு. ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை போயிரும்."

"போகட்டும். டியூசன் எடுத்துப் பொழைச்சுக்குவேன்."

"நாளைக்கு எங்க ஆளுக நாலு பேரு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா?"

"நாலு பேருக்கும் டீ போட்டுக் குடுப்பேன். அட்ரஸ் குடுக்க மாட்டேன்."

ராஜபாண்டியன் எழுந்தார். மகேஷ்குமாரிடம், "உங்க ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இந்தக் காரியத்துக்கு நீங்க சரிப்பட மாட்டீக," என்றார். பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் வாங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல மூணு சாட்சி கேக்காக. ஒண்ணு நான். என் தம்பிமார் கையெழுத்துப் போட மாட்டானுக. வேற ஆளு போட்டாலும், அவனுக மிரட்டுனா மாத்திப் பேசிருவாக. என் மகள் கல்யாணத்துல அப்படி ஒரு கையெழுத்து விழக் கூடாது. அதான் நானே மிரட்டிப் பாத்தேன். மாப்பிள்ளையை என் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கச் சொல்லுங்க."

ஞானபூரணி நம்பவில்லை. "பிரீத்தியை வீட்டுல பூட்டி வச்சிருக்கீகன்னு ஊரே பேசுது."

"நான் பூட்டுறது பட்டாசு மருந்து குடோனை மட்டும்தான் டீச்சர். அவ போன வாரமே அவங்க அம்மாகூட முகூர்த்தச் சேலை எடுக்க வெளியூர் போயிருக்கா."