நாற்பத்தொரு பேருக்கு இடியாப்பம்

கமராவுக்கு முன்னால் அருந்ததி இடியாப்ப உரலை அழுத்தினாள். மா இறங்கவில்லை.

குழைத்த மா ஆறி இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் முழுப் பலத்தையும் கொடுத்தாள். தடித்த இழை ஒன்று தட்டில் விழுந்து அறுந்தது.

"ஆறுதலா, அவசரப்படாமச் செய்யட்டாம்," என்றார் லொட்ஜ் மனேஜர் சிவபாதசுந்தரம். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொல்வதை அவர்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் லண்டன் தொலைக்காட்சி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறவர். கொழும்பில், இந்த வெள்ளவத்தை லொட்ஜில் யாழ்ப்பாணத்துக் காலைச் சாப்பாட்டைப் படம்பிடிக்க மூன்று கிழமைக்கு முன்னரே நாள் குறித்திருந்தார். படம்பிடிக்க அனுமதி கொடுத்த அரசாங்க அலுவலகத்திலிருந்தும் ஒருவர் கூடவே வந்திருந்தார். அவர் தேநீர்க் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

மேசையில் மூன்று பனையோலைக் கடகம் நிறைய, விடியுமுன் அவித்த இடியாப்பம் இருந்தது. ஒரு பெரிய சட்டியில் தேங்காய்ப்பால் சொதி. நாற்பத்தொரு பேருக்கு.

சாப்பாட்டு அறையில் ஏழே ஏழு பேர். முன் வீட்டுத் தையற்காரர், ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர்கள். மனேஜர் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தியவர்கள். தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

லொட்ஜில் இருப்பவர்கள் எங்கே என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

விடிய வெள்ளனவே போய்விட்டார்கள் என்றார் மனேஜர்.

அது பொய்யில்லை.

அன்று விடிய ஐந்து மணிக்கு, காலிக்குப் போகும் பெருந்தெருவில் பஸ்கள் வந்து நின்றன. வடக்கிலிருந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருக்கும் தமிழர்கள் அரை மணித்தியாலத்தில் சாமான்களோடு ஏற வேண்டும் என்றது பொலிஸ். வவுனியாவில் இறக்கிவிடுவார்கள். ஒருவர் விசா நேர்முகக் கடிதத்தைக் காட்டினார். ஒருத்தி ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினாள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அருந்ததியும் அங்கே தங்க வந்தவள்தான். கிளிநொச்சியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள். அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கம் சண்டைக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம். தாய் எப்படியோ அவளை வெளியே அனுப்பியிருந்தாள். திரும்பிப் போனால் கையில் துவக்குத்தான்.

பஸ் சத்தம் கேட்டதும் அவள் குசினிக்குள் ஓடினாள். அங்கே பத்மாவதி கடைசி ஈட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றாள். முல்லைத்தீவு ஆள். ஒன்பது வருசமாய் அந்த லொட்ஜின் சமையல்காரி.

பின்னாலேயே பொலிஸ்காரர் வந்தார். சமைக்கிறவள் மட்டும் நிற்கலாம், யார் அது என்று சிங்களத்தில் கேட்டார்.

பத்மாவதி அருந்ததியின் இரண்டு கைகளையும் பிடித்து மாவுக்குள் அமுக்கினாள். சுடுதண்ணீரில் குழைத்த மா. அருந்ததி கத்தவில்லை.

சந்தையில் பழகிய சிங்களத்தில் பத்மாவதி சொன்னாள். இவள்தான் சமையல்காரி, நான் லொட்ஜில் தங்க வந்தவள்.

பொலிஸ்காரர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் ஓம் என்று தலையாட்டினார்.

பத்மாவதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். வாசலில் மட்டும் ஒருதரம் திரும்பினாள்.

"சொதிக்கு இன்னும் உப்புப் போடேல்லைப் பிள்ளை."

இப்போது வெள்ளைக்காரர் கடகத்திலிருந்து இரண்டு இடியாப்பத்தை எடுத்து, சொதியை விட்டு, கையால் குழைத்துச் சாப்பிட்டார். இவ்வளவு மெல்லிய இழையை எந்த ஊரிலும் கண்டதில்லை என்றார். படத்தில் போட வேண்டும், அவளுடைய பெயர் என்ன என்று அருந்ததியைப் பார்த்துக் கேட்டார்.

வாசலில் நின்ற அலுவலகக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுதக் கொப்பியை எடுத்தார்.

"பத்மாவதி," என்றாள் அருந்ததி.

அலுவலகக்காரருக்குப் பயந்து சமையல்காரியின் பெயரில் ஒளிகிறாள் என்றுதான் மனேஜர் நினைத்தார். அவள் செய்தவளின் பெயரைச் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் கொஞ்சப்பேரைத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பத்மாவதி வரவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் அவள் நடந்து போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். லண்டனிலிருந்து அவளுடைய மகன் யோகநாதன் ரெலிபோன் எடுத்தபோது, பஸ்ஸில் ஏற்றிப்போய்விட்டார்கள் என்று மட்டும் மனேஜர் சொன்னார். அதற்குப் பிறகு வன்னியிலிருந்து அவனுக்கும் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

அருந்ததி அந்தக் குசினியிலேயே தங்கிவிட்டாள். பிழியப் பழகினாள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு பின்னேரம் லொட்ஜ் ரெலிபோன் அடித்தது. மனேஜர் வெளியே போயிருந்தார். அருந்ததி எடுத்தாள்.

யோகநாதன். அவனுக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே கதைத்தான். இப்போதுதான் ரிவியில் லொட்ஜைக் காட்டினார்களாம். அம்மாவின் பெயரும் வந்ததாம். கூட்டாளிகள் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டானாம்.

"அம்மா திரும்பி வந்ததை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? வேறை ஆரோ ஒரு பிள்ளையின்ர முகத்துக்குக் கீழை அவவின்ர பெயரைப் போட்டிட்டாங்கள். அது பரவாயில்லை. அம்மா கூச்சக்காரி. கமராவுக்குப் பின்னாலை போய் நிண்டிருப்பா."

அருந்ததி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, அம்மாட்டை ஒருக்கால் குடுங்கோ."