மடியில் போன பாத்திரம்

தை பிறந்ததும், கொட்டுகிற பனியில் வீடு மாற்ற மூட்டை கட்டினார்கள். இருபது வருஷம் உழைத்த தோசைக்கல்லைப் பழைய பேப்பரில் சுற்றிச் சாக்கில் போட்டார்கள். நேற்று வாங்கிய பால் பாத்திரமோ அம்மாவின் மடியில் போகிறதாம். புது வீட்டு அடுப்பில் முதலில் ஏறுவதும் அதுதானாம். தோசைக்கல்லுக்கு வயிறு எரிந்தது.

“அக்கா, அங்கே நான் என்ன செய்யணும்?” என்று கேட்டது பாத்திரம்.

“மினுக்கினா மட்டும் போதாதுடி. பாலைப் பொங்க விட்டுடாதே, குடும்பத்துக்கே ஆகாது.”

புது வீட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். பால் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அம்மாவின் முகம் வாடியதைச் சாக்கின் ஓட்டை வழியே தோசைக்கல் பார்த்தது. கடைசியில் பால் பொங்கி வழிந்தது. ஒரே குலவைச் சத்தம்.

அதற்கு நடுவே பாத்திரம் விம்மியது: “மன்னிச்சிடுங்க அக்கா. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியல.”

தோசைக்கல் பேப்பரை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டது.